நாலு லட்சத்துக்கு ஒரு டாக்ஸி

என் மாமனார் அன்றைக்கு பிரஷர் மாத்திரை இரண்டு போட்டுக்கொண்டார். காரணம் நான்தான். ஹாலில் உட்கார்ந்து, உள்ளே இருந்த என் மனைவியிடம் சத்தமாகக் கேட்டுவிட்டேன்: "ஏர்போர்ட்ல இருந்து ஹோட்டலுக்கு நாலு லட்சம் கேக்கிறான். பேசாம குடுத்துரலாமா?"

"நாலு லட்சமா! மாப்பிள்ளை, அந்தக் காசுக்கு காரையே வாங்கிரலாமே!" என்று அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

அவரை உட்கார வைத்து விளக்கினேன். நாங்கள் போகப் போவது இந்தோனேஷியாவில் இருக்கும் பாலித் தீவு. அங்கே ரூபாய் இல்லை, ரூபியா. நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபியா சுமார் நூற்றுத் தொண்ணூறு கிடைக்கும். நாலு லட்சம் என்பது நம் கணக்கில் இரண்டாயிரத்து நூறு ரூபாய் சொச்சம். ரூபாய், ரூபியா இரண்டும் ஒரே சமஸ்கிருதச் சொல்லில் பிறந்த பங்காளிகள். அதில் ஒரு பங்காளி கொஞ்சம் நொடித்துப் போய்விட்டான், அவ்வளவுதான்.

"இரண்டாயிரமா? அதுவும் ஜாஸ்திதான்" என்றார் மாமனார். மனதுக்குள் நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நம் ரத்தம் அப்படி. மீனம்பாக்கத்தில் விமானம் விட்டு இறங்கி, வாசலில் வரிசையாக டாக்ஸி நின்றாலும், பெட்டியை உருட்டிக்கொண்டு எதிரே திரிசூலம் ஸ்டேஷன் வரை நடந்து எலெக்ட்ரிக் டிரெயின் பிடித்த பரம்பரை நான். 'வெளியே நூறு அடி நடந்தால் ரேட் குறையும்' என்பது நமக்குத் தாய்ப்பாலோடு புகட்டப்பட்ட வேதம். முன்கூட்டியே, முகம் தெரியாத ஒருத்தருக்குப் பணம் கட்டி, "ஐயா, என்னை வந்து அழைத்துப் போங்கள்" என்று கேட்பதெல்லாம் மந்திரிகளும் மாப்பிள்ளைகளும் செய்கிற வேலை.

எங்கள் செக்‌ஷனில் எனக்கு அடுத்த மேஜைக்காரனும் அதையேதான் சொன்னான். அவன் அதற்கு முந்தின வருஷம் பாலிக்குப் போய் வந்தவன். "மச்சி, பிரைவேட் டிரான்ஸ்ஃபர்லாம் ஏமாத்து. இறங்கினவுடனே நூறு பேர் வந்து மொய்ப்பான். பாதிக்குப் பாதி பேசு. நாம பாக்காத ஆட்டோக்காரனா?" என்றான். அவன் எவ்வளவு கொடுத்தான் என்று கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. அவசரமாக ஃபைலைப் பிரித்துக்கொண்டான்.

என் மனைவிதான் ஒரே பிடியாக நின்றாள். 2025 ஜூன் மாதம், எங்கள் இரண்டாவது கல்யாண நாள். சென்னையிலிருந்து கோலாலம்பூர், அங்கே விமானம் மாறி டென்பசார். இறங்கும் நேரம் ராத்திரி எட்டேகால். தங்கப் போவது கடற்கரையில் இல்லை, உபுத் என்கிற மலையடிவார ஊரில். விமான நிலையத்திலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். அந்தத் தீவில் ரயிலே கிடையாது. "ராத்திரி நேரத்துல, தெரியாத ஊர்ல, நீங்க பாதிக்குப் பாதி பேசி முடிக்கிற வரைக்கும் நான் பெட்டி மேல உக்காந்திருக்க முடியாதுங்க" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்து அவளே பதிவு செய்துவிட்டாள்.

பதிவு செய்யும்போது ஒரு படிவம். விமான எண் என்ன, பெட்டிகள் எத்தனை, பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் என்ன என்று ஏகப்பட்ட கேள்விகள். பெண் பார்க்க வந்தபோது என் மாமனார்கூட இவ்வளவு கேட்கவில்லை. எல்லாம் முடிந்ததும் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் வந்தது. வண்டி அவான்ஸா. டிரைவர் பெயர் எம்.ஏ.டி.ஈ.

"மேட்" என்று வாசித்தேன். "என்னடி இது, 'மேட் இன் இந்தோனேஷியா'ன்னு அடிக்க வந்து பாதியில நின்னுபோச்சா?"

"சும்மா இருங்க. அது ஒரு பேரா இருக்கும்" என்றாள்.

கோலாலம்பூரிலேயே சனி பிடித்துக்கொண்டது. விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம். டென்பசாரில் சக்கரம் தரையைத் தொட்டபோது ராத்திரி பத்தரை. (பாலி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுவது. என் வாட்ச் இன்னும் சென்னையிலேயே எட்டு மணி காட்டிக்கொண்டிருந்தது.) அந்த ரன்வே கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். ஜன்னலில் பார்த்தால் கடைசி நிமிஷம் வரை தண்ணீர்தான். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சீட்டின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

விமான நிலையத்துக்கு ஙூரா ராய் என்று பெயர். டச்சுக்காரர்களை எதிர்த்துப் போராடி 1946-ல் உயிரை விட்ட பாலிக்காரர் அவர். அவருக்கு மனதுக்குள் ஒரு வணக்கம் போட்டுவிட்டு வரிசையில் நின்றோம். விசாவுக்குத் தலைக்கு ஐந்து லட்சம், 2024 பிப்ரவரியிலிருந்து சுற்றுலாப் பயணிகளுக்குப் போட்டிருக்கும் வரி தலைக்கு ஒன்றரை லட்சம் (ரூபியாதான், பயப்பட வேண்டாம்!). இரண்டையும் மனைவி முன்கூட்டியே கட்டிவிட்டிருந்தாள். ஆனாலும் ஒரே சமயத்தில் நாலு விமானம் இறங்கிய கூட்டம். பெட்டி எடுத்து வெளியே வரும்போது மணி பதினொன்றே கால்.

கதவு திறந்தது. கம்பித் தடுப்புக்குப் பின்னால், அடேயப்பா, திருவிழாக் கூட்டம். எல்லார் கையிலும் பெயர் எழுதின அட்டை. ஜப்பான் எழுத்து, ரஷ்ய எழுத்து, ஒருத்தர் கையில் பூ மாலையோடு 'ஹாப்பி ஹனிமூன்'. நான் நிதானமாக ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்தேன், கார்டு ஆஃப் ஹானர் பார்வையிடும் ஜனாதிபதி மாதிரி. என் பெயர் இல்லை. திரும்பி வந்தேன். இல்லை. இன்னொரு தரம். ம்ஹூம்.

"மூணு மணி நேரம் எவன் நிப்பான்? போயிருப்பான்" என்றேன். குரலில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மனைவி எடுத்த ஒரு முடிவு தப்பாய்ப் போவதில் கணவனுக்குக் கிடைக்கிற அற்ப சந்தோஷம். வாட்ஸ்அப்பில் கூப்பிடலாம் என்றால், 'நாலு நாளைக்கு ரோமிங் எதுக்கு, தண்டம்' என்று சொன்ன புண்ணியவான் நான்.

அப்போதுதான் அந்த ஆள் வந்தார். அழகான பூப்போட்ட சட்டை. "சார், யுவர் டிரைவர் கேன்சல். டிராஃபிக். ஹி டெல் மீ. ஐ டேக் யூ. நைன் ஹண்ட்ரட் தௌசண்ட்."

ஒன்பது லட்சம்! ஆனால் மணி பதினொன்றரை ஆகிறது. எனக்குக் கால் வலி. ஆறு லட்சத்துக்குப் பேசிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள்.

"அவர்கிட்ட நம்ம பேர் என்னன்னு கேளுங்க."

கேட்டேன். பூச்சட்டைக்காரர் ஒரு விநாடி யோசித்தார். முகம் மலர்ந்தது. "மிஸ்டர் இந்தியா!"

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே அடுத்த குடும்பத்தைப் பார்க்கப் போய்விட்டார். மனைவி சிரிக்கவில்லை. அவள் தடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"ஏங்க... அது மாமா பேரு இல்ல?"

பார்த்தேன். தூணை ஒட்டி, கூட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒல்லியாக ஒரு மனிதர். நெஞ்சோடு அணைத்துப் பிடித்த வெள்ளை அட்டை. அதில் கறுப்பு மையில், கொட்டை எழுத்தில், 'மிஸ்டர்' போட்டு, என் அப்பாவின் பெயர்.

அந்த மனிதரை நான் மூன்று தரம் தாண்டிப் போயிருக்கிறேன். என் பெயரைத் தேடிக்கொண்டே போனவனுக்கு அப்பா பெயர் கண்ணில் படவில்லை.

விஷயம் உங்களுக்கே புரிந்திருக்கும். நமக்கு இனிஷியல்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட் ஆபீசில் இனிஷியலை விரித்து எழுதச் சொல்ல, அப்பா போய் 'சர்நேம்' கட்டத்தில் உட்கார்ந்துவிடுகிறார். அப்புறம் கடல் தாண்டினால் நாமெல்லாம் மிஸ்டர் அப்பாதான். (என் அப்பாவின் பெயரை இங்கே நான் எழுதப் போவதில்லை. இருந்திருந்தால், "பத்திரிகையில என் பேரையெல்லாம் எதுக்குலே போடுத?" என்று சங்கடப்படுவார்.)

ஓடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். ரொம்ப நேரம் காத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "நோ நோ. ஜஸ்ட் கம், சார்" என்றார். இப்பத்தான் வந்தேன்.

அவர் காலடியில் மூன்று காலி காப்பிக் கோப்பைகள் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி வைக்கப்பட்டிருந்தன.

எனக்கு என்னவோ செய்தது. ஏனென்றால், இந்த 'இப்பத்தான் வந்தேன்' எனக்கு ரொம்பப் பழக்கம்.

நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாதம் ஒரு தரம் கோவில்பட்டிக்கு பஸ்ஸில் போவேன். பைபாஸில் விடிகாலை நாலு மணிக்கோ, ஐந்து மணிக்கோ, டிரைவரின் மனசைப் பொறுத்து இறக்கிவிடுவார்கள். அங்கே டீக்கடை டியூப்லைட் வெளிச்சத்தில் அப்பா டி.வி.எஸ். 50-ஐ ஸ்டாண்ட் போட்டு நிற்பார். தலையில் மப்ளர். "எதுக்குப்பா வந்தீங்க? நான் ஆட்டோல வரமாட்டேனா? எவ்வளவு நேரமா நிக்கீங்க?" என்றால், "இப்பத்தான் வந்தேன்" என்பார். டீக்கடைக்காரர் பின்னாலிருந்து, "தம்பி, மூணு டீக்குக் காசு குடுத்துட்டுப் போங்க" என்பார்.

ஒரு தரம், பஸ் டிக்கெட் கிடைக்காமல், நண்பனின் காரில் மதுரை வரை வந்து, அங்கே அவன் ரூமில் தூங்கிவிட்டேன். போனில் சார்ஜ் இல்லை. சார்ஜ் இருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். காலை பத்து மணிக்கு ஆட்டோவில் பைபாஸ் தாண்டும்போது பார்க்கிறேன், அப்பா நிற்கிறார். வெயில் ஏறிவிட்டது. மப்ளர் தோளுக்கு இறங்கியிருந்தது. நான் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கியதும் எனக்குக் கோபம்தான் வந்தது. "இவ்வளவு நேரமா நிப்பாங்க? வீட்டுக்குப் போக வேண்டியதுதான?" என்று கத்தினேன். அவர் என் பையை வாங்கி வண்டியில் மாட்டிக்கொண்டே, "அடுத்த பஸ்ல வருவேன்னு பாத்தேன்" என்றார். அவ்வளவுதான். 2019-ல் போய்ச் சேர்ந்தார். அன்றைக்குக் கத்தியதற்கு நான் கடைசி வரை மன்னிப்புக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் 'எதுக்குலே?' என்றிருப்பார்.

வண்டி கிளம்பியது. நம் ஊர் மாதிரியே இடது பக்க ஓட்டம். டாஷ்போர்டில் தென்னை ஓலையில் செய்த சின்னத் தட்டில் பூக்கள். தினம் சாமிக்கு வைக்கிற படையலாம், சானாங் சாரி என்று பெயர். நம் டிரைவர்கள் எலுமிச்சம்பழம் தொங்கவிடுவதைச் சொன்னேன். ரசித்தார்.

"உங்க பேர் மேட்தானே?" என்றேன்.

"மாடே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோபித்துக்கொண்டு திட்டுகிறாரா? இல்லை. எம்.ஏ.டி.ஈ. என்று எழுதி, அப்படித்தான் உச்சரிக்க வேண்டுமாம். பாலியில் பிறந்த வரிசையில் பெயர் வைப்பார்கள். மூத்தது வயான், இரண்டாவது மாடே, மூன்றாவது ஞோமான், நாலாவது கெத்துத். ஐந்தாவது பிறந்தால் மறுபடியும் வயானிலிருந்து தொடங்கிவிடும். புது, காடெக், கோமாங் என்று மாற்றுப் பெயர்களும் உண்டு. ஆண், பெண் என்ற பேதம்கூட இதில் இல்லை. நாலு நாளும் நான் அவரை 'சார்' என்றேதான் கூப்பிட்டேன். மரியாதைக்குரிய ஒரு மனிதரை 'மாடே' என்று கூப்பிட என் தமிழ் வாய்க்கு வரவில்லை.

அவர் என்னை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "மிஸ்டர்" போட்டு, வழியெல்லாம். மிஸ்டர் இன்னார், ஏ.சி. போதுமா? மிஸ்டர் இன்னார், தண்ணீர் வேண்டுமா? வாழ்நாளில் விமானத்தை வானத்தில் மட்டுமே பார்த்த ஒரு மனிதரின் பெயர் அது. மனைவி இரண்டு தரம் திருத்த வாயெடுத்தாள். நான் வேண்டாம் என்று கையைத் தொட்டேன்.

ஊர் திரும்பியதும் ஆபீசில் நான் திடீர் நிபுணன் ஆகிவிட்டேன். டூர் போகிறவர்கள் எல்லாம் என் மேஜைக்கு வருகிறார்கள். நீங்களும் போவீர்கள், போக வேண்டும். எனவே குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் விமான எண்ணைக் கட்டாயம் கொடுங்கள். வெறும் நேரத்தைக் கொடுத்தால் வண்டி அந்த நேரத்துக்கு வந்துவிட்டுப் போய்விடலாம். எண் இருந்தால் தாமதத்தைப் பார்த்துக்கொள்வார்கள். இறங்கிய பிறகு எத்தனை நிமிஷம் இலவசமாகக் காத்திருப்பார்கள் என்றும் கேட்டு வையுங்கள்.

நள்ளிரவு தாண்டி இறங்கும் விமானமாக இருந்தால் தேதியை இரண்டு தரம் பாருங்கள். பதினாலாம் தேதி ராத்திரி கிளம்பி, பதினைந்தாம் தேதி பிறந்து இருபது நிமிஷம் கழித்து இறங்குகிறவன் பதினாலு என்று போட்டால், வண்டி ஒரு நாள் முன்னால் வந்து போயிருக்கும்.

சொல்லும் விலை வண்டிக்கா, தலைக்கா? பார்க்கிங், டோல் சேர்த்தா? கேளுங்கள். பெட்டிகளின் எண்ணிக்கையில் வெட்கப்படாமல் உண்மை சொல்லுங்கள்.

"உங்கள் டிரைவர் வரவில்லை, நான்தான்" என்று யாராவது வந்தால் உங்கள் பெயரைச் சொல்லாதீர்கள். அவரைச் சொல்லச் சொல்லுங்கள். போனையும் காட்டாதீர்கள், அதில் பெயர் இருக்கும்.

பாலியில் ஞேபி என்று ஒரு புத்தாண்டு உண்டு. மௌன விரத நாள். பெரும்பாலும் மார்ச் வாக்கில் வரும். அன்று விமான நிலையத்தையே இருபத்து நாலு மணி நேரம் மூடிவிடுவார்கள். தெருவில் வண்டி ஓடாது. மலிவு டிக்கெட் ஆசையில் அதற்கு முந்தின நாள் ராத்திரி போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஃபோனில் கூப்பிடும் டாக்ஸிகள் அங்கேயும் உண்டு, பகலில் மலிவும்கூட. ஆனால் உபுத் மாதிரி சில ஊர்களில் 'ஆன்லைன் டாக்ஸி ஆள் ஏற்றக்கூடாது' என்று உள்ளூர்க்காரர்கள் போர்டு வைத்திருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பு அது. திரும்பி வரும் பயணத்துக்கும் அதே டிரைவரிடம் சொல்லி வைப்பது நல்லது.

கடைசியாக ஒன்று. அட்டையில் உங்கள் பெயரை மட்டும் தேடாதீர்கள்.

நாங்களும் திரும்பும்போது அவரையேதான் வரச் சொன்னோம். விமான நிலைய வாசலில் பெட்டிகளை இறக்கி வைத்தார். 'சுக்ஸ்மா' என்று அவர்கள் மொழியில் நன்றி சொன்னேன். பிறகு கொஞ்சம் தயங்கி, அன்றைக்குப் பிடித்திருந்த அந்த அட்டை இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். சீட்டுக்குப் பின்னால் தேடி எடுத்தார். பின்பக்கம் வேறு யாரோ ஒரு ஆஸ்திரேலியரின் பெயர் எழுதியிருந்தது. எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

போன தீபாவளிக்குக் கோவில்பட்டி போனபோது அதை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, இங்கிலீஷ் எழுத்துகளை விரலால் தொட்டுத் தொட்டு உதட்டுக்குள்ளேயே கூட்டினாள். பாதியிலேயே புரிந்துவிட்டது. அம்மா அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

"இது எங்க இருந்துச்சு?"

"பாலியில ஏர்போர்ட்ல. ராத்திரி பதினொன்றரை மணிக்கு."

அம்மா அட்டையைப் புடவைத் தலைப்பால் ஒரு தரம் துடைத்தாள். அப்பாவின் போட்டோவைப் பார்த்தாள்.

"அங்கயும் வந்து நின்னுட்டாகளா!" என்றாள்.